மறுகால் படம்

என் தம்பியைக் கொன்ற மோட்டாருக்குப் படம் வரைந்து தரச் சொல்லி தில்லைநாயகம் என்னிடமே வந்தார். ஐம்பத்தெட்டாம் வருஷம், வைகாசிக் கடைசி. தென்காசி ரத வீதியில் என் போர்டுக் கடையில் ஒரு ஜவுளிக்கடைப் பெயர்ப்பலகைக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குத்தாலிங்கம், வெள்ளாமை பாக்குத, படிக்கத் தெரியாத சம்சாரிகளுக்கு கரண்டு மோட்டாருன்னா என்னன்னு படத்துலயே வெளங்க வைக்கணும். பத்துப் படம். காடாத் துணியில எழுதிரும். குத்தாலத்துல சாரல் சீசனுக்கு ஸ்டால் போடுதேன். படத்தைக் காட்டிப் பேசப்போறதும் நீருதான்."

"நான் எதுக்கு அண்ணாச்சி?"

"செத்தவன் அண்ணனே மோட்டாரு நல்லதுங்கான்னா, அதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமாவே?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பிரஷைக் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்தக் கை வேறு எதையாவது எடுத்திருக்கும். மஞ்சளை ஓரம் பிசகாமல் இழுத்து முடித்துவிட்டு, "சரி அண்ணாச்சி" என்றேன்.

தில்லைநாயகம் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளுக்கெல்லாம் மோட்டார் விற்று மாட்டிக் கொடுக்கிற வியாபாரி. என் தம்பி உச்சிமாகாளிக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் கிணற்றோடு கொஞ்சம் நிலம். போன வருஷம் புரட்டாசியில், ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் மேல் கை வைத்தவன் அப்படியே விழுந்தான். முப்பத்தொரு வயது. நான் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே தில்லைநாயகம் காரில் வந்து இறங்கி, கிராம முன்சீப்பிடம் பேசி முடித்திருந்தார். ஈரக் கையோடு மோட்டாரைத் தொட்டான், செத்தான். மோட்டாரில் குற்றம் இல்லை. காகிதத்திலும் அப்படியே ஏறியது. எதிர்த்துச் சொல்ல எங்களில் யாருக்கும் கரண்டைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாது.

செத்ததோடு விட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். ஊர் விடவில்லை. யாராவது கோட்டித்தனமாக, புத்தி கெட்டு எதையாவது செய்தால், "ஏலே, உச்சிமாகாளி வேலை பாக்காத" என்று சொல்லத் தொடங்கினார்கள். அடுப்பில் கை சுட்டாலும் உச்சிமாகாளி வேலை, வண்டி குடை சாய்ந்தாலும் உச்சிமாகாளி வேலை. அவன் மனைவி சண்முகசுந்தரி கடைக்குப் போய் நிற்கும்போது பக்கத்தில் நின்றே சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, வாயில் பழகிவிட்டது. அதுதான் எனக்குப் பற்றி எரிந்தது. தில்லைநாயகம் என் தம்பியைக் கொன்றது ஒரு முறை. அவன் பெயரை ஊர் தினமும் கொன்றது.

முதலில் மூசாவிடம் போனேன். மூசா பஸ் ஸ்டாண்டு பக்கம் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றித் தருகிறவர், என் வயதுக்காரர். தம்பி எப்படிச் செத்தான் என்று உடைத்துச் சொல்லச் சொன்னேன்.

"உள்ள கம்பியில தோல் உரிஞ்சா கரண்டு பாடியில கசியும்வே. எர்த்துக் கம்பி சரியா இருந்தா, கசியுத கரண்டு அத்தனையும் அது வழியா ஒரே பாய்ச்சலா மண்ணுக்குள்ள போயிரும். அந்தப் பாய்ச்சல்ல பீஸ் அடிச்சு மோட்டாரு நின்னுரும். தொட்டவனுக்கு ஒண்ணும் ஆகாது. எர்த்து இல்லைன்னா தொட்டவன்தான் எர்த்து."

"எனக்கு வெளங்கல."

"இதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

எனக்குக் காதில் விழுவது தலைக்கு ஏறாது. கையில் வரைந்தால்தான் ஏறும். சுவரில் தொங்கிய பழைய காலண்டரைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் வரைய ஆரம்பித்தேன். மூசா எட்டிப் பார்த்துத் தப்பு என்பார். வேறு தாள் கிழிப்பேன். சித்திரை மாதத் தாளில் ஆரம்பித்துப் பங்குனித் தாள் வரை காலண்டர் முழுவதும் காலியானது. கடைசியில் கரண்டைப் பாம்பாக வரைந்தேன். மோட்டாருக்குள் ஒரு நாகம், எர்த்துக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிப் போகிறது. மூசா, "இது சரிவே" என்றார். எனக்கும் ரொம்பப் பெருமை.

அதை எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய் டீக்கடையில் செல்லச்சாமியிடம் காட்டினேன். செல்லச்சாமி என் தம்பியின் அடுத்த கிணற்றுக்காரர். படத்தை வெகு நேரம் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புத்து இருக்க எடத்துல மோட்டாரு ரூம்பு கட்டிட்டான் உச்சிமாகாளி. அதான் விசயமா? எங்க கெணத்துக்கும் மொட்டையும் பாலும் வச்சிருதேன்" என்றார். மொட்டை என்றால் முட்டை. அப்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. படத்தைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

வருகிற வழியில் குளத்துக் கரை. சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். குளம் நிறைந்தால் மிஞ்சுகிற தண்ணீர் போவதற்கு ஓரத்தில் மறுகால் கட்டியிருந்தார்கள். மறுகால் பாயும்வரை கரைக்குப் பயமில்லை. அது அடைபட்டால் கரை உடையும். இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். பாம்பைத் தூக்கிக் குளத்தில் எறிந்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், அந்தத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் எறிந்தேன்.

தில்லைநாயகம் கேட்ட பத்துப் படங்களையும் அவர் மனம் குளிர வரைந்தேன். கமலை இழுத்துக் களைத்த மாடு, சுவிட்சைத் தட்டுகிற சம்சாரி, வாய்க்கால் நிறையத் தண்ணீர், சிரிக்கிற மனைவி. அவர் பார்த்துத் தலையாட்டினார். பதினோராவதை அவர் பார்க்கவில்லை.

அதை முதலில் பார்த்தவள் சண்முகசுந்தரி. அவள் வீட்டு முற்றத்தில் துணியை விரித்தேன். மேல் பாதியில் இரண்டு குளம். ஒன்றில் மறுகால் பாய்கிறது, கரை நிற்கிறது. வரத்து மிஞ்சினால் மேலே மடைப் பலகை தானாக விழுந்து தண்ணீரை நிறுத்துகிறது. அந்தப் பலகைதான் பீஸ். இன்னொன்றில் மறுகால் இல்லை, கரை உடைகிறது. கீழ்ப் பாதியில் அதே இரண்டும், குளத்துக்குப் பதில் மோட்டார், மறுகாலுக்குப் பதில் கம்பி. தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஒரே நீலம். கரை உடைந்த இடத்தில் ஒரு ஆளை நிறுத்தியிருந்தேன்.

என் முன்னால் அவள் அதிகம் பேசமாட்டாள். அன்றைக்குக் குனிந்து ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்துப் போனாள். மோட்டாரிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து மண், மண்ணுக்குள் செம்புத் தகடு. பிறகு அந்த ஆளிடம் விரல் நின்றது. என் தம்பிக்கு இருந்த மாதிரியே வளைந்த கால்கள்.

"அவுகதானே, அத்தான்?"

"ஆமா."

"அப்ப அவுக கோட்டித்தனமா எதையும் செய்யல. கரை உடைஞ்ச எடத்துல நின்னுருக்காவ. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் படத்தைச் சுருட்டினேன்.

ஆடியில் குற்றாலத்தில் நல்ல சாரல். பேரருவிக்குப் போகிற வழியில் ஸ்டால். தலையில் எண்ணெயும் இடுப்பில் ஈர வேட்டியுமாகச் சம்சாரிகள் சொட்டச் சொட்ட வந்து நின்றார்கள். தில்லைநாயகம் தொட்டித் தண்ணீரில் கையை நனைத்து, ஓடுகிற மோட்டாரின் மேல் அப்படியே வைத்தார். "பாத்தியளா? ஈரக்கைதான். என்ன ஆச்சு?" கூட்டம் வாய் பிளந்தது. ஒன்றும் ஆகாதுதான். ஸ்டால் மோட்டாருக்கு அவர் குழி தோண்டி, செம்புத் தகடு புதைத்து, கரியும் உப்பும் போட்டு ஒழுங்காக எர்த்துக் கொடுத்திருந்தார். நான் முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன்.

பத்துப் படத்தையும் மூங்கிலில் தொங்கவிட்டுக் காட்டிப் பேசினேன். பத்தாவதைத் தூக்கிப் பின்னால் போட்டேன். பதினோராவது விழுந்தது. தில்லைநாயகத்தின் முகம் எப்படி இருந்தது என்று பார்க்கவில்லை. எனக்குக் கூட்டத்தின் முகம் போதும்.

"மறுகால் தண்ணி போயிச் சேர எடம் வேணும்லா? கரண்டுக்கு அந்த எடம் இந்தக் குழிதான். ஆள் ஒசரம் தோண்டணும். தகடு, கரி, உப்பு. இது இல்லாம கம்பியை மட்டும் மண்ணுல குத்தி வச்சா, அது மறுகால் இல்ல. மறுகால் மாதிரி வரைஞ்ச படம்."

செல்லச்சாமி முன்னால் நின்றார். "எங்க கெணத்துலயும் கம்பி மண்ணுக்குள்ள போகுது. குழி தோண்டுன ஞாவகம் இல்லையே, அண்ணாச்சி?"

தில்லைநாயகம் படத்தைப் புரட்டக் கையை நீட்டினார். நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் என்னோடு இழுபறி செய்ய அவருக்குக் கூச்சம். "எல்லாக் கெணத்துலயும் இருக்குவே! நான் மாட்டுன எந்த மோட்டாரையும் ஈரக் கையோட தொடுதேன், வாரும்!"

"எந்தம்பி கெணத்து மோட்டாரை?"

கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். "அதையுந்தான்" என்றார்.

மறுநாள் காலையில் செல்லச்சாமி மண்வெட்டி எடுத்தார். ஒரு சாண் தோண்டியதும் கம்பி கையோடு வந்துவிட்டது. கீழே ஒன்றும் இல்லை. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து பண்பொழி வரை அந்த வாரம் முழுவதும் தோண்டினார்கள். எல்லாம் ஒரு சாண், ஒன்றிரண்டு ஒரு முழம். தில்லைநாயகம் கூலியாட்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றார், எல்லாவற்றிலும் தகடு புதைத்துத் தருகிறேன் என்றார். ஆனால் என் தம்பி விஷயத்தில் மட்டும் இம்மியும் இறங்கவில்லை. "தகடு இல்லாதது தப்புதான். ஆனா அந்த மோட்டாருல கசிவு கிடையாது. கசிவு இல்லாம எப்படிச் சாவான்? ஈரக் கையை சுவிட்சுல வச்சிருப்பான். வெள்ளிக்கிழமை வந்து தொட்டுக் காட்டுதேன்."

அவர் கணக்கு எனக்குத் தெரிந்துபோயிற்று. புதன்கிழமையே அவருடைய ஃபிட்டர் வந்து என் தம்பி கிணற்றில் குழி தோண்டித் தகடு புதைத்துப் புதுக் கம்பி மாட்டிவிட்டுப் போனான். இனி மோட்டார் கசிந்தாலும் தொட்டவனுக்கு ஒன்றும் ஆகாது. அவர் கையை வைப்பார், சிரிப்பார், ஊர் பார்க்கும். என் தம்பி மறுபடியும் கோட்டியாவான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிணற்றுக்குப் போனேன். சாரல் விழுந்து மறுகால் படத்தில் நீலம் கலைந்திருந்தது. மோட்டார் ரூமில் உட்கார்ந்து விரலாலேயே நீல எனாமல் தொட்டுச் சரி செய்தேன். பிறகு மோட்டாரைப் பார்த்தேன். பத்து மாதமாக யாரும் தொடாத துருப்பிடித்த இரும்பு. மூசா சொன்னதை நான் என் கையால் பதினோரு தடவையாவது வரைந்திருக்கிறேன். கம்பி இருந்தால் பிழைப்பான். இல்லாவிட்டால் சாவான். எர்த்துக் கம்பியைப் பிடித்திருந்த நட்டைக் கழற்றினேன். கம்பி முனையை எடுத்து, மோட்டாரின் அடிக்கட்டைக்குப் பின்னால், தெரியாதபடி செருகினேன். நட்டை மட்டும் திருப்பி மாட்டினேன். இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பத்து மணிக்கு ஊரே வந்தது. முன்சீப் வந்தார், மூசா தென்காசியிலிருந்து வந்தார். படத்தை மோட்டார் ரூம் சுவரில் மாட்டினேன். தில்லைநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நின்று, வாளியில் கையை முக்கினார். மோட்டாருக்குப் பக்கத்தில் போனார்.

"சுவிட்சைப் போடும்வே, குத்தாலிங்கம்" என்றார்.

நான் சுவிட்சில் கை வைத்தேன்.

"நில்லுங்க" என்றாள் சண்முகசுந்தரி.

அவள் அந்த ரூமுக்குள் பத்து மாதமாகக் கால் வைக்கவில்லை. இப்போது வந்து சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே போய், புது மண் மூடிய குழியிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே தொடர்ந்து வந்தாள், அன்றைக்கு முற்றத்தில் படத்தின் மேல் விரலை வைத்துப் போன மாதிரியே. சுவர், தரை, அடிக்கட்டை. கட்டைக்குப் பின்னால் விரல் போனது. முனையை வெளியே இழுத்தாள்.

"இது மாட்டலையே" என்றாள்.

தில்லைநாயகத்தின் நனைந்த கை மோட்டாருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. அவருக்கு அந்தப் படம் முதல் முறையாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டினார்.

"உங்க ஃபிட்டரு வேலை லெச்சணம் இதுதானா, அண்ணாச்சி?" என்றாள் சண்முகசுந்தரி. மூசாவிடம் ஸ்பேனரை வாங்கினாள். குனிந்து, நட்டைக் கழற்றி, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, கம்பியைக் கோத்து முறுக்கினாள். மூசா அசைத்துப் பார்த்து, "கெட்டியா இருக்கு தாயி" என்றார்.

"இப்பப் போடுங்க, அத்தான்."

போட்டேன். மோட்டார் ஒரு உறுமல்தான் உறுமியது. மேலே பலகையில் படாரென்று ஒரு வெடி, நீல வெளிச்சம், கருகிய வாடை. பீஸ் போய்விட்டது. மோட்டார் நின்றது.

யாரும் யாருக்கும் விளக்கவில்லை. செல்லச்சாமி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், படத்தில் விழுந்து கிடந்த மடைப் பலகையைப் பார்த்தார்.

"மறுகால் பாஞ்சிட்டு!" என்று கத்தினார். "ஏலே, மறுகால் பாஞ்சிட்டுலே! மோட்டாருல கசிவு இருக்கு! போன வருசமும் இருந்திருக்கு! மறுகால் இல்லாம அந்தப் பயலைக் கரை உடையுத எடத்துல நிறுத்திட்டானுவளே!"

வெளியே நின்றவர்கள் அதையே திருப்பிக் கத்தினார்கள். முன்சீப் தன் குடையைத் தேடினார். அவர் போன வருஷம் எழுதிய காகிதத்துக்கு மேல் இன்னொரு காகிதம் அன்றைக்கு அந்த ரூமிலேயே எழுதப்பட்டது. மூசா சொல்லச் சொல்ல முன்சீப் எழுதினார். தில்லைநாயகம் கையெழுத்துப் போட்டார். போடும்போது கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, மை பரவியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிணற்றிலும் அவரே வெறுங்காலோடு நின்று உப்பும் கரியும் தலையில் சுமந்து கொட்ட வேண்டும் என்று ஊர் சொன்னது. கொட்டினார். நான் ஒவ்வொன்றுக்கும் போய்ப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தேன். இப்போது எங்கள் பக்கத்தில் உச்சிமாகாளி வேலை என்று யாரும் சொல்வதில்லை. வெறும் பேருக்குச் செய்து வைக்கிற எதற்கும் "தில்லைநாயகம் கம்பி" என்கிறார்கள். அவர் பேரப்பிள்ளைகள் காதிலும் அது விழும். விழட்டும்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்தபின் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சண்முகசுந்தரி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றாள்.

"பீஸ் போகும்னு நீங்கதானே படத்துல போட்டிய?"

"ஆமா."

"பொறவு எப்படி மறந்தியோ" என்றாள். "கம்பி இல்லாம அவரு செத்திருந்தா, பீஸ் போயிருக்காது, கசிவும் தெரிஞ்சிருக்காது. ஈரக் கைன்னு இன்னொருக்க எழுதியிருப்பாவ. அவுக பேரு இந்த ரூம்புலயே கெடந்திருக்கும். இல்லைன்னா நீங்க செயிலுக்குப் போயிருப்பிய."

அவள் முந்தானையை இடுப்பில் செருகப் போனாள். நட்டைத் துடைத்த முனையில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம். காயாத எனாமல். அந்த நீலம் தென்காசியில் என் கடையைத் தவிர எங்கும் கிடையாது.

அவள் அதை ஒரு தடவை பார்த்தாள். மடித்து, நீலம் உள்பக்கம் போகும்படி இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தாள்.